மணிவண்ணன் என்றால் லொள்ளு மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜூன் 15, இயக்குநர் மணிவண்ணன் நினைவுநாளுக்கு உங்கள் இதழில் வந்த குறிப்பைப் படித்தேன். சத்யராஜோடு அடித்த லொள்ளு, நக்கல், அரசியல் கிண்டல் என்று நாலு பத்தி. அதோடு சரி. அவர் சூலூர்க்காரர், நான் பல்லடம். பக்கத்து ஊர்க்காரன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் அருக்காணி என்ற பெயர் தெருவுக்கு ரெண்டு இருக்கும். என் பெரியக்கா பெயரும் அதுதான். 1982-ல் 'கோபுரங்கள் சாய்வதில்லை' வந்தபோது அக்கா மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஷிப்ட் மாறும்போதெல்லாம் கேலி. அந்தப் படத்துக்கு வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தவளை அம்மாதான் இழுத்துக்கொண்டு போனார். நாகரிகம் தெரியாத பட்டிக்காட்டுப் பெண் என்று புருஷன் ஒதுக்கிவைத்த அருக்காணியாக சுஹாசினி வந்து நின்றதும், இடைவேளைக்குள் அக்காவின் முந்தானை நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, "அவளுக்கு என் பேரை வெச்சது சரிதான்" என்றாள். மணிவண்ணன் இயக்கிய முதல் படம் அது. அதற்கு முன்பே பாரதிராஜாவின் 'நிழல்கள்', 'அலைகள் ஓய்வதில்லை' இரண்டிலும் அவர் எழுத்து இருந்தது. 'நிழல்கள்' ஓடவில்லை என்பது வேறு விஷயம்.

ரெண்டே வருஷத்தில் அதே மனிதர் 'நூறாவது நாள்' எடுத்தார். மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாக சத்யராஜ். ரெண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு சைக்கிளில் டபுள்ஸ் வந்தோம். பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன் வீடு வரும்வரை பாட்டை நிறுத்தவே இல்லை. பயம்!

'அமைதிப்படை' (1994) பற்றி நீங்களும் எழுதியிருக்கிறீர்கள், வசனத்தை மட்டும். நான் சொல்வது ஓட்டு எண்ணும் காட்சி. கோயிலில் தேங்காய் பொறுக்கித் தின்ற அமாவாசை, நாற்காலி நுனியில் கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பான். முன்னிலை கூடக் கூட உடம்பு பின்னால் நகரும். முதுகு சாயும். கால் மேல் கால் ஏறும். பேச்சில் மரியாதை ரவுண்டுக்கு ரவுண்டு கழன்று விழும். எல்லோரும் சத்யராஜைத்தான் புகழ்வார்கள், புகழ வேண்டியதுதான். அடுத்த முறை பார்க்கும்போது பக்கத்தில் இருக்கும் மணிவண்ணனைக் கவனியுங்கள். அவனை வேட்பாளராக நிறுத்தியவரே அவர்தான். தான் வளர்த்தது என்ன என்பது அந்த முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உறைக்கும். இயக்குநரும் அவரே. நினைத்திருந்தால் காட்சியைத் தன் பக்கம் இழுத்திருக்கலாம். ஏறுகிறவனுக்கு மொத்தத்தையும் கொடுத்துவிட்டு, பார்த்துக்கொண்டிருக்கிறவன் வேலையைத் தனக்கு வைத்துக்கொண்டார்.

மொத்தம் நானூறு படங்களுக்கு மேல் நடித்தார். அதில் பாதி எனக்கு நினைவில்லை, அவருக்கே இருந்திருக்குமா தெரியாது. 'அவ்வை சண்முகி'யில் மாமி பின்னால் சுற்றும் முதலியார், 'முதல்வ'னில் ஒருநாள் முதல்வரோடு ஓடும் உதவியாளர், இதையெல்லாம் டிவியில் துண்டு துண்டாகப் போடுகிறார்கள். 'சங்கமம்' (1999) மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. கிராமியக் கலைஞர் ஆவுடைப்பிள்ளையாக, எம்.எஸ்.வி.யின் குரலுக்கு வாயசைத்து அவர் நின்றபோது, சிரிக்கத் தயாராக வந்திருந்த தியேட்டரே கப்சிப். அந்த வேடத்துக்கு மாநில அரசின் விருதும் கிடைத்தது. உங்கள் குறிப்பில் அந்தப் படத்தின் பெயர்கூட இல்லை.

அவருடைய அரசியலில் எனக்கு எல்லா இடத்திலும் உடன்பாடு கிடையாது. ஆனால் ஈழத்துக்காக மேடை மேடையாகப் பேசியதை நடிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. தான் இயக்கிய ஐம்பதாவது படத்தை 2013 மே மாதம் வெளியிட்டார், அடுத்த மாதமே போய்விட்டார்.

சுந்தர் சி., ஆர்.கே. செல்வமணி, சீமான் என்று அவரிடம் உதவியாளர்களாக இருந்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்த ஜூனுக்குள் அவர்களில் யாரையாவது பிடித்து, படப்பிடிப்புத் தளத்தில் அவர் எப்படி வேலை வாங்கினார் என்று எழுதி வாங்குங்கள். பக்கம் போதவில்லை என்றால் ராசிபலனில் அரைப் பக்கம் குறைக்கலாம், தப்பில்லை.

அக்காவுக்கு இப்போது பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். டிவியில் அந்தப் படம் வந்தால் உடனே எனக்குப் போன் வரும்: "டேய், என் படம் போடறாங்க."

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பல்லடம்.