டார்ச் லைட்டும் ஒரு ரூபாய் ஷாம்புவும்

கடலூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து கடற்கரைச் சாலையில் மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. இங்கே அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெரியவளுக்குப் பண்ருட்டியில் வேலை கிடைத்திருக்கிறது. காலை ஏழரை பஸ்ஸுக்கு ஓடுகிறாள்.

புது செல்போன் வாங்கும் விஷயத்தில் உன் மகன் "இதுதான் நன்றாக இருக்கும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மறுக்கிறான் என்று வருத்தப்பட்டிருந்தாய். அந்த ஒரு வரியோடு நான் ஓராண்டாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், செல்வி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் நுகர்வோர் மன்றப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் தினத்துக்கு ஒரு கட்டுரைப் போட்டி, ஓர் உறுதிமொழி என்று முடித்துவிடுவதுதான் வழக்கம். 1986-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் அதன் இடத்துக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் கடைக்குப் போய் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கச் சொன்னால், எங்கே பார்ப்பது என்று தெரியாது. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டில் இருக்கும் காலி உறைகளை எடுத்து வரச் சொல்லித் தொடங்கினேன்.

முதலில் நான் ஒரு தவறு செய்தேன். விலைக்குப் பத்து மதிப்பெண், எடைக்குப் பத்து, உத்தரவாதத்துக்குப் பத்து என்று அட்டவணை போட்டுக் கொடுத்தேன். நாற்பது பேரும் கூட்டிப் பார்த்து ஒரே விடையை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டார்கள். யோசித்தது அட்டவணைதான், பிள்ளைகள் இல்லை. மறுவாரம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு டார்ச் லைட்டுகளை மேசை மேல் வைத்தேன். ஒன்று சார்ஜ் செய்வது, மற்றொன்று செல் போடுவது. "உங்கள் வீட்டுக்கு எது? ஏன்?" என்று மட்டும் கேட்டேன்.

வகுப்பே சார்ஜ் லைட் பக்கம் நின்றது. செல் வாங்கும் செலவு மிச்சம் என்று ஒரு சிறுமி கணக்கோடு சொன்னாள். கடைசி பெஞ்சில் ஒருவன் மட்டும் கை தூக்கவில்லை. கெடிலம் ஆற்றின் கரையில் இருக்கிறது அவன் வீடு. எழுந்து நின்று மெதுவாகச் சொன்னான்: "2024-இல் பெஞ்சல் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை, டீச்சர். சார்ஜ் லைட் முதல் ராத்திரியே அணைந்துவிட்டது. அப்பா பெட்டிக்கடையில் செல் வாங்கி வந்து பழைய டார்ச்சில் போட்டார்." அந்தச் சிறுமி விடவில்லை. "சரி, மற்ற நாளில்?" என்றாள். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "மற்ற நாளில் நீ சொல்வதுதான் சரி. ஆனால் எங்கள் வீட்டில் டார்ச் எடுப்பதே மழைக்குத்தான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தான் எடுத்ததில் என்ன குறை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதைத் தெரிந்தே ஒரு காரணத்துக்காக எடுத்தான். நான் கற்றுத்தர ஆசைப்பட்டது இது ஒன்றைத்தான்.

இன்னொரு நாள் ஷாம்பு. பெரியதாக வாங்கினால் மலிவு என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். ஒரு பையன் கரும்பலகையில் போட்டுக் காட்டினான்: ஒரு ரூபாய் பாக்கெட்டில் 5 மி.லி.; 126 ரூபாய் பாட்டிலில் 180 மி.லி. அதே 180 மி.லி.யைப் பாக்கெட்டாக வாங்கினால் 36 ரூபாய்தான். வகுப்பு வாயைப் பிளந்தது, நானும்தான். ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து விற்க வழிகாட்டிய சின்னி கிருஷ்ணன் நம் கடலூர்க்காரர் என்பதையும், அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய தொழிலிலிருந்துதான் சிக் ஷாம்பு வந்தது என்பதையும் அன்று சொன்னேன். உடனே துறைமுகப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி, "எங்கள் அம்மா மீன் விற்ற காசு அன்றன்றைக்கு வருவது. 126 ரூபாய் ஒரே நாளில் எப்படி எடுப்பார்கள்?" என்றாள். அவள் பக்கத்தில் இருந்தவளோ, பாக்கெட் எல்லாம் கடைசியில் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில்தான் கிடக்கிறது, அதனால் தன் வீட்டில் பாட்டில்தான் என்று வாதாடினாள். நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. இருவர் பேச்சையும் நோட்டில் எழுத வைத்தேன்.

இப்போது உறையைத் திருப்பாமல் யாரும் பேசுவதில்லை. அதிகபட்ச விலைக்குப் பக்கத்திலேயே ஒரு கிராம் என்ன விலை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானதுதான் முதலில் வரும் என்று சொன்னதும், மாம்பழப் படம் போட்ட பானத்தில் தண்ணீரும் சர்க்கரையும் பழத்துக்கு முன்னால் நிற்பதைப் பார்த்து ஒருத்திக்கு அழாத குறை. அவளுக்கு மிகவும் பிடித்த பானம் அது.

உன் மகனிடம் "ஏன் இது?" என்று கேட்காதே. கேள்வி கேட்கிறார்கள் என்று முறைத்துக்கொள்வான். "வேறு எதைப் பார்த்தாய், அதை ஏன் வேண்டாம் என்றாய்?" என்று கேட்டுப் பார். வேண்டாம் என்றதைப் பற்றிப் பேச இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தயக்கமே இருப்பதில்லை. பேசத் தொடங்கிய பிறகு நீ குறுக்கிடாமல் இரு. அவன் சொல்வது உனக்குப் பிடிக்காத போனாக இருந்தாலும், காரணம் நியாயமாக இருந்தால் வாங்கிக் கொடு.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளைப் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தைக்கு அழைத்து வர அனுமதி கேட்டிருக்கிறேன். ஆளுக்கு ஐம்பது ரூபாய், ஒரு பொருள், ஒரு பக்கம் காரணம். அச்சிட்ட விலையே இல்லாத இடத்தில் என்ன செய்வார்கள் என்று பார்க்க வேண்டும். நீயும் வா. தேதி முடிவானதும் எழுதுகிறேன். உன் மகனையும் கூட்டி வந்தால் அவனிடம் பத்துப் பிள்ளைகளை ஒப்படைத்துவிடுவேன்.

அன்புடன்,
வசந்தா