கார்த்திகைக் கிழங்கும் தேனும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், செங்காந்தள் கொடியின் கிழங்கைப் பற்றி, "கார்த்திகைக் கிழங்கை இடித்துத் தேனில் குழைத்துத் தேக்கரண்டிக் கணக்கில் உண்டு வந்தால் மூட்டுவலி பறந்தோடும்" என்று அச்சிட்டிருந்தீர்கள். வலியோடு உண்டவரும் சேர்ந்தே போய்விடுவார் என்பதைத் தாங்கள் அறியாதவர் அல்லர். இடம் போதாமையால் அவ்வரி விடுபட்டிருக்கும் என்றே எண்ணுகிறேன்.

1996 மாசியில், இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு வளவில் ஒதுங்கியிருந்தபோது, வேலிக்குக் கதியால் நடக் குழி தோண்டிய என் தம்பி, கலப்பை போல் வளைந்த கிழங்கொன்றைக் கண்டெடுத்து, வள்ளிக்கிழங்கென நம்பி அடுப்புத் தணலில் சுட்டுத் தின்றான். கொடி பட்டுப்போயிருந்தது, பூ இருந்திருந்தால் சிறுபிள்ளையும் அடையாளம் கண்டிருக்கும். அன்றிரவே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கின. தின்றது சிறு துண்டு என்பதால் உயிர் தப்பினான். பத்தாம் நாளளவில் அம்மா அவனுக்குத் தலை சீவியபோது முடி கற்றை கற்றையாகச் சீப்போடு வந்தது. அவன் காணாதபடி அம்மா சீப்பைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார்.

அக்கிழங்கிலுள்ள கொல்சிசின் என்ற நஞ்சு 'கௌட்' எனும் மூட்டு நோய்க்கு மருந்துதான். அதை அரை மில்லிகிராம் மாத்திரையாக, வைத்தியர் அளந்து தருவார். திண்டுக்கல் பக்கத்தில் இக்கொடியைப் பயிரிடுவதும் அம்மருந்துக்கு விதை எடுக்கவே. நம்மூர்ப் பரியாரிமாரும் மோரில் ஊறவைத்துச் சுத்தி செய்யாமல் கிழங்கைத் தொடமாட்டார்கள். தேக்கரண்டிக் கணக்குத் தங்கள் பக்கத்துக்கு மட்டுமே உரியது.

இது முதற்தடவையும் அன்று. 'அதிமதுரம்' என்ற தலைப்பின் கீழ்க் குண்டுமணிக் கொடியின் படத்தைப் போட்டபோதும் எழுதினேன். குண்டுமணி விதை நஞ்சென்று விளக்கியும் எழுதினேன். இரண்டு கடிதங்களும் தங்கள் மேசையில் எங்கேனும் பத்திரமாக இருக்கும். ஒவ்வொரு கார்த்திகையிலும் கார்த்திகைப் பூவை முன்பக்கத்தில் வண்ணத்தில் வெளியிடும் பத்திரிகைக்கு, அதன் அடியில் ஒரு கிழங்கு இருப்பது மட்டும் எப்படித் தெரியாமற் போயிற்று என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. நான் வெறும் சந்தாதாரர்.

வரும் ஞாயிறு அதே மருத்துவப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், கிழங்கின் படத்துடன் திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன். வழமைபோல மரண அறிவித்தல்களுக்குக் கீழே வேண்டாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சாவகச்சேரி.