காஞ்சித் தூணில் கன்னடக் கல்வெட்டு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கல்யாண வேலையில் பதில் தள்ளிப்போய்விட்டது. போன புதன்கிழமை மகளுக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போனோம். அவர்கள் கடையில் உட்கார்ந்ததும் நான் ஆட்டோ பிடித்துக் கைலாசநாதர் கோயிலுக்குப் போய்விட்டேன்.

மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பொறித்தது. காஞ்சியைப் பிடித்தும், இந்தக் கோயில் செல்வத்தைக் கொண்டுபோகாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்ததைச் சொல்கிறது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். இவன் யார் தெரியுமா? இரண்டாம் புலிகேசியின் எள்ளுப்பேரன்.

சாளுக்கியருக்கும் பல்லவருக்கும் இருந்த பகை முதலில் மண்ணுக்கான சண்டைதான். கிருஷ்ணா, துங்கபத்திரைப் பக்கத்து நல்ல நிலம் இரண்டு பேருக்கும் வேண்டியிருந்தது. புலிகேசி ஆந்திரப் பக்கத்து வேங்கியைப் பிடித்துத் தம்பியை அங்கே ஆள வைத்ததும், பல்லவர்களுக்கு வாசலிலேயே எதிரி வந்துவிட்டான். அப்புறம் மானப் பிரச்சினை ஆகிவிட்டது. புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவன் ஒளி மங்கிக் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்று 634-இல் ஐஹொளெக் கோயில் கல்வெட்டில் எழுதி வைத்தார்கள். 642 வாக்கில் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியர் தலைநகர் வாதாபியையே பிடித்தான். தோற்றோடிய புலிகேசியின் முதுகைச் செப்பேடாக்கி அதில் ‘வெற்றி’ என்று எழுதினான் என்கிறது பல்லவர்களின் கூரம் செப்பேடு. தோற்றவனின் பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பார்கள்?

சேகர், என்னை உலுக்கியது வேறு. விக்கிரமாதித்தன் மகன் காலத்துச் செப்பேட்டில் பல்லவனை ‘பிரகிருதி அமித்திரன்’ என்கிறார்கள். அதாவது இயற்கையிலேயே பகைவன். நிலத்தகராறு என்றால் பேசியாவது தீர்க்கலாம். பிறவிப் பகை என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் எதைப் பேசுவது? நூறு வருடத்துக்கு மேல் காவிரிக்கும் கிருஷ்ணாவுக்கும் நடுவில் படைகள் போய்வந்தபடி இருந்தன. வழியில் இருந்த ஊர்களின் நெல்லையும் மாட்டையும் பற்றி எந்தச் செப்பேடும் பேசவில்லை. எனக்கு அதுதான் ஆறவே இல்லை. கடைசியில், காஞ்சியில் அந்தக் கல்வெட்டைப் பொறித்துச் சில வருடங்களுக்குள்ளேயே ராஷ்டிரகூடன் தந்திதுர்க்கன் சாளுக்கியர்களைச் சாய்த்துவிட்டான்.

இருந்தாலும் அந்தத் தூணை நினைத்தால் மனசு இளகுகிறது. ஊரே கையில் இருந்த நேரத்தில், எதிரி கட்டிய கோயிலைத் தொடாமல் விட்டிருக்கிறானே!

சரி, உன்னிடம் ஒரு வேலை. ஹூப்ளியிலிருந்து பாதாமி, அதாவது அந்த வாதாபி, உனக்குப் பக்கம்தான். அங்கே ஒரு பாறையில் நரசிம்மவர்மனின் கல்வெட்டு, சிதைந்துபோய் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் படம் எடுத்து அனுப்பு. காஞ்சித் தூணின் படத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

கல்யாணம் தை மாதம். நீயும் தங்கச்சியும் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட வேண்டும். முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

அன்புடன்,
ரவி