மரமில், மரப்பட்டறை முதலாளிமார் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அய்யா, வணக்கம்.

பதினெட்டு வயதில் மில்லுக்குள் வந்தேன். 22 வருடம் மெஷினில் நின்றேன். நாற்பது முடிந்த கையோடு, 2021-ல், வட்ட ரம்பத்தில் என் இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. வேம்புப் பலகை, உள்ளே கணு இருந்தது வெளியே தெரியவில்லை. பலகை பிளேடைக் கவ்வி ஒரே எத்தாக எத்தியது. தள்ளிக்கொண்டிருந்த கை பிளேடில் போய் விழுந்தது.

பலகை பிளேடைக் கவ்வாமலிருக்க பின்னால் ஒரு தகடு நிற்க வேண்டும். பிளேடுக்கு மேல் மூடி வேண்டும். பலகையின் கடைசி ஒரு சாண் நீளத்தைக் கையால் தள்ளாமல் குச்சியால் தள்ள வேண்டும். எங்கள் மெஷினின் மூடி நான் சேர்ந்த நாளிலிருந்தே பரணில்தான் கிடந்தது. அது இருந்தால் வேலை ஓடாது என்பார்கள்.

கூட வேலை பார்த்த தம்பி விரல்களை ஐஸ்கட்டிக்குள் நேராகப் போட்டு எடுத்து வந்தான். பாவம், அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டுமாம். ஐஸ் நேராகப் பட்டால் சதை கெட்டுவிடும். ஒட்டவைக்க முடியவில்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு உண்டு என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் முதலாளி வந்தார். ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டினார், 20,000 ரூபாய் கொடுத்தார். ‘இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டார். இத்தனை வருடம் சோறு போட்டவர். மறுக்க எனக்கு நா எழவில்லை.

அந்தத் தாளுக்காகத்தான் இந்த மடல். அது செல்லாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்ததாகத் தொழிலாளி எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது என்று அப்போது அமலில் இருந்த 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே சொன்னது. எத்தனை விரலுக்கு எவ்வளவு என்ற பட்டியலும் அதில் இருந்தது: ஒரு கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் போனதாகக் கணக்கு, கட்டைவிரல் என்றால் 30. ஒரு தொழிற்சங்கத் தோழர் டீக்கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். சம்பளம் 15,000, அதில் 60 சதவீதம் 9,000. வயதைப் பொறுத்துச் சட்டம் தந்த பெருக்கு எண், நாற்பது வயதுக்கு 184.17. இரண்டையும் பெருக்கி 20 சதவீதம் எடுத்தால் 3,31,506 ரூபாய். அந்தக் கணக்குத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். இழப்பீட்டு வழக்கைத் தீர்க்கும் ஆணையரிடம் இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். அதற்குள் இருபது மாதம் ஓடியிருந்தது. மனுப் போட்டேன்.

மூடியை நான்தான் கழற்றினேன் என்று எதிர்வாதம் வந்தது. பாதுகாப்புக்கென்று தெரிந்தே தொழிலாளி கழற்றிப் போட்டிருந்தால் இப்படிப்பட்ட காயத்துக்கு நீங்கள் தர வேண்டியதில்லை, சரி. நான் சேர்வதற்கு முன்பே பரணுக்குப் போன மூடியை நான் எப்படிக் கழற்றியிருக்க முடியும்? ஆணையர் அதை ஏற்கவில்லை. பணம் வந்தது.

பத்துப் பேர் வேலை பார்த்தால் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதியுங்கள். மாதம் 21,000 வரை வாங்குகிறவர்களுக்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம்தான். காயம்பட்டவன் வேலைக்கு வர முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதத்தை அவர்களே தருவார்கள், நிரந்தர ஊனத்துக்கான தொகையையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சின்னப் பட்டறைகளுக்கு இழப்பீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறது. காண்ட்ராக்டர் கொண்டுவந்த ஆள் என்று சொல்லியும் தப்ப முடியாது. உங்கள் தொழிலைச் செய்யும்போது அடிபட்டால் பொறுப்பு உங்களுடையது. 1923 சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த, 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை தொடர்கிறது. கட்டிலில் கிடப்பவனிடம் தாளை நீட்டுவதை உங்கள் சங்கங்கள் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

நான் நின்ற மெஷினில் இப்போது பீகாரிலிருந்து வந்த பையன் நிற்கிறான். பத்தொன்பது வயது. போன மாதம் போய்ப் பார்த்தேன், மூடி இன்னும் பரணில்தான் இருக்கிறது. அந்த மில்லும் உங்கள் சங்கத்தில்தான் இருக்கிறது. யாரையாவது அனுப்பி அதை இறக்கி மாட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய மில் தொழிலாளி