வாசகர் மன்ற ஆண்டறிக்கை: ஆளுமைகள் வரிசையின் முதல் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, இந்த மழையிலும் குடை பிடித்துக்கொண்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். மாதக் கூட்டத்தில் வரலாற்று ஆளுமைகளைப் பற்றிப் பேசுவது. ஆனால் பிறந்தது முதல் இறந்தது வரை ஒப்பிக்கக் கூடாது. அந்த ஆள் வேலை பார்த்த ஒரு காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வேலை எப்படி நடந்தது, பணம் எங்கிருந்து வந்தது, யார் கைகொடுத்தார்கள், யார் குறுக்கே நின்றார்கள் என்று சொல்ல வேண்டும். மாலை, பொன்னாடை, ஃப்ளெக்ஸ் எதுவும் கிடையாது. "இப்படி வறட்டுத்தனமா நடத்தினா யாரு வருவா?" என்று அன்றைக்கே கேட்டார்கள். வந்தார்கள். சில மாதம் நாற்காலி பற்றாமல் பக்கத்து டீக்கடை பெஞ்சைத் தூக்கி வர வேண்டியிருந்தது.

முதல் கூட்டம் வ.உ.சி. பற்றியது. பேசியவர் நம் உறுப்பினர், ஓய்வு பெற்ற கூட்டுறவு வங்கி அதிகாரி. சிறைக்கொடுமையை வைத்துத்தான் தொடங்குவார் என்று எதிர்பார்த்தோம். அவர் கரும்பலகையில் 40,000 பெருக்கல் 25 என்று எழுதிவிட்டுத் திரும்பினார். 1906 அக்டோபரில் பதிவான சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியின் மூலதனக் கணக்கு அது: பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 10 லட்சம். வ.உ.சி. தூத்துக்குடியில் வக்கீல், அவர் கையில் அவ்வளவு பணம் கிடையாது. பாண்டித்துரைத் தேவர் தலைவராக வந்தார், வணிகர்கள் பங்கு வாங்கினார்கள். முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்தார்கள்; வெள்ளைக்காரர்கள் நெருக்கியதும் அந்தக் கம்பெனி கப்பலைத் திரும்ப வாங்கிக்கொண்டது. கொழும்பிலிருந்து ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஓட்டினார்கள். அப்புறம்தான் 1907இல் சொந்தமாக காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

எதிரே பிரிட்டிஷ் இந்தியா என்ற வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி. கட்டணத்தைத் தலைக்கு ஒரு ரூபாயாகக் குறைத்தார்கள். சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. அடுத்து அவர்கள் இலவசப் பயணம் என்றார்கள், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்றார்கள். இந்த இடத்தில் ஒரு கல்லூரி மாணவர் எழுந்து, "ஆப்புல தள்ளுபடி குடுத்துக் குடுத்து நம்ம ஆட்டோக்காரங்களைக் காலி பண்ற மாதிரிதானே சார்?" என்று கேட்டார். அன்றைய கூட்டத்தின் நல்ல கேள்வி அதுதான் என்பது என் எண்ணம். கம்பெனி கட்டணப் போட்டியில் மட்டும் தோற்கவில்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்து, ஜூலையில் 40 ஆண்டுத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது ஆறு ஆண்டானது. அவர் கோவைச் சிறையில் செக்கிழுத்து, கண்ணூருக்கு மாற்றப்பட்டு, 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனியே இல்லை. 1911இல் கலைத்திருந்தார்கள். காலியா கப்பலைப் போட்டிக் கம்பெனியிடமே விற்றிருந்தார்கள்.

பேச்சாளர் கடைசியாகச் சொன்னது 347 ரூபாய் 12 அணா கதை. வ.உ.சி.க்கு என்று தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் திரட்டித் தந்த பணம் காந்தியிடம் இருந்தது. 1915இல் சென்னையில் கைக்கும் வாய்க்கும் எட்டாத நிலையில் இருந்த வ.உ.சி. அதைப் பற்றிக் கடிதம் எழுதுகிறார்; காந்தி பதில் எழுதுகிறார்; கடிதங்கள் போகின்றன, வருகின்றன; அடுத்த ஆண்டில்தான் பணம் கைக்கு வருகிறது. இரண்டு பேரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ இல்லாமல் அவர் இதைச் சொன்ன விதம் நன்றாக இருந்தது. நம் பொருளாளர் மட்டும், "அப்பவே ரசீது போட்டிருந்தா இவ்வளவு கடுதாசி தேவையில்லை" என்றார்.

இரண்டாம் கூட்டம் பழைய ஏட்டுச்சுவடிகளைத் தேடி அச்சில் ஏற்றிய உ.வே.சா. பற்றியது. இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததிலிருந்து 1887இல் சீவக சிந்தாமணி அச்சாகி வரும் வரையுள்ள ஏழு ஆண்டுகளைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டிருந்தோம். ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபட்டதையும், சமண நூலைப் புரிந்துகொள்ளச் சமணர் வீடுகளுக்கே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தோம். பேச்சாளர் அவருடைய சொந்த ஊரான உத்தமதானபுரத்தில் தொடங்கினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டதைத் தாண்டுவதற்குள் டீ ஆறிவிட்டது, பின்வரிசையும் காலியாகிவிட்டது. அந்த ஏழு ஆண்டுகளை வரும் ஆண்டில் வேறொருவரை வைத்துப் பேச வைக்கலாம் என்று செயற்குழு கருதுகிறது.

ஜூலையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. "யாருன்னு தெரியுமா?" என்று கிராம சுகாதாரச் செவிலியர் கேட்டதும், முன்வரிசைப் பெண்கள், "மாசமா இருக்கிறவங்களுக்குப் பணம் குடுப்பாங்களே, அந்தத் திட்டம்" என்றார்கள். அங்கிருந்தே அவர் தொடங்கினார். புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரியில் இடம் கேட்டு வாங்கிய பெண், 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்தது, 1927இல் சென்னைச் சட்டசபைக்குப் போனது, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியது, அது முழுச் சட்டமாக 1947 வரை ஆனது. தங்கை புற்றுநோயில் இறந்ததை மறக்காமல் முப்பது ஆண்டு கழித்து, 1954இல், அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். நம் ஊரிலிருந்து அங்கே போய் வந்தவர்கள் கூட்டத்திலேயே இருந்தார்கள். அதற்கு மேல் பேச்சு தேவைப்படவில்லை.

வெளிநாட்டு ஆளுமைகளில் ஒருவர்தான் வந்தார், ஆனால் நன்றாக வந்தார். அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா, இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற ஹங்கேரி டாக்டரைப் பற்றிப் பேசினார். மேடைக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து, தண்ணீரில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, முதல் வரிசைக்காரர்களை அழைத்துக் கையைக் கழுவச் சொன்னார். மண்டபம் முழுக்க நெடி. "இந்த வாடை உங்களுக்குப் பிடிக்கல இல்ல? 1847ல வியன்னா டாக்டர்களுக்கும் பிடிக்கல" என்றார்.

அந்த மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் சாவு குறைவு. டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த பிரிவில் பிரசவக் காய்ச்சலால் சாவு பல மடங்கு. தெருவிலேயே பெற்றாலும் பரவாயில்லை, அந்தப் பிரிவு வேண்டாம் என்று தாய்மார்கள் கெஞ்சினார்கள். பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்க்க வந்ததுதான் காரணம் என்று செம்மல்வைஸ் கண்டுபிடித்தார். அறுவைக் கத்தி கீறி அவருடைய நண்பரான டாக்டர் ஒருவர் அதே மாதிரிக் காய்ச்சலில் இறந்தது துப்புக் கொடுத்தது. குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். அந்த ஏப்ரலில் நூற்றுக்கு 18க்கு மேல் இருந்த சாவு ஜூனில் 2 சொச்சத்துக்கு இறங்கியது. ஆனாலும் பெரிய டாக்டர்கள் ஒப்பவில்லை. கிருமி என்ற விளக்கம் அன்றைக்கு இல்லை. அதோடு, உங்கள் கைதான் கொன்றது என்றால் யார்தான் ஏற்பார்கள்? 1865இல் 47 வயதில் மனநோய் விடுதியில் இறந்தார். நர்ஸ் அம்மா இதோடு நிறுத்திவிட்டு, எத்தனை பேர் வீட்டுக் குழாயடியில் சோப்பு இருக்கிறது என்று கை தூக்கச் சொன்னார். நான் எண்ணவில்லை.

இனி ஜனவரிக் கூட்டம். இதைப் பற்றி ஊரில் இன்னும் பேச்சு ஓயவில்லை என்பதால் நடந்ததைப் பதிவு செய்வது செயலாளரின் கடமை.

கம்பம் பள்ளத்தாக்கில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுக்கின் படம் மாட்டாத வீடுகள் குறைவு. பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறோம். அவர் பிறந்த ஜனவரி 15இல் பொங்கல் வைக்கிறோம். லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபமே வந்துவிட்டது. பேச வந்தவர் பொதுப்பணித்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர். மேற்கே ஓடிக் கடலுக்குப் போகும் பெரியாற்றை மறித்து மலைக்கு இந்தப் பக்கம் திருப்பும் யோசனையே பென்னிகுக்குடையது இல்லை என்று அவர் தொடங்கினார். 1789 வாக்கிலேயே இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி, அதாவது அமைச்சர், முத்திருளப்ப பிள்ளை அதை யோசித்திருக்கிறார். சமஸ்தானத்தில் பணம் இல்லை. 1808இல் ஒரு கேப்டன் வந்து பார்த்துவிட்டு, நடக்காத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். 1876 பஞ்சத்துக்குப் பிறகுதான் அரசு விழித்தது. பென்னிகுக் திட்டத்தையும் மதிப்பீட்டையும் 1882இல் திருத்தி எழுதினார். திருவிதாங்கூருடன் 1886இல் 999 ஆண்டுக் குத்தகை, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். அடுத்த ஆண்டு வேலை தொடங்கியது. வெள்ளம் வந்து கட்டியதை அடித்துப் போகும், மறுபடி கட்டுவார்கள். மலேரியாவில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்து அணைப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டார்கள். சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கற்பொடியும் வைத்து ஏறக்குறைய 1,200 அடி நீளச் சுவர், மலையைக் குடைந்து ஒரு மைலுக்குச் சற்று மேல் சுரங்கம். 1895 அக்டோபரில் தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது.

இதுவரை யாரும் மூச்சு விடவில்லை. "சொத்தை வித்து அணையைக் கட்டினார்னு சொல்றாங்களே" என்று ஒருவர் கேட்டார். அப்படி ஓர் ஆவணமும் தான் பார்த்ததில்லை என்றும், அரசுப் பணத்தில் கட்டிய அணை இது என்றும் பொறியாளர் சொன்னார். அவ்வளவுதான். கூடலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அப்ப எங்க தாத்தா சொன்னது பொய்யா தம்பி? இந்தத் தண்ணியிலதான் நாலு தலைமுறையா நெல்லு நடுறோம்." சத்தம் கூடியது. சிலர் எழுந்து வெளியே போனார்கள். பொறியாளர் உட்காரவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "ஐயா, சொத்தை விக்காமலே அந்த மனுசன் செஞ்சது பெருசு. கட்டினது போனப்புறம் மறுபடி மறுபடி கட்டினாரே, அதுக்கே பொங்கல் வைக்கலாம். குளிர்க் காய்ச்சல்ல செத்துப்போன கூலியாளுகளுக்கும் ஒரு பானை வைக்கணும்னு மட்டும் சொல்றேன்" என்றார். பெரியவர் பதில் பேசவில்லை, ஆனால் கடைசி வரை இருந்து டீ குடித்துவிட்டுத்தான் போனார்.

பேச்சாளரைக் கண்டிக்க வேண்டும் என்று மூன்று உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்தார்கள். செயற்குழு அதை ஏற்கவில்லை. என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: இந்த வரிசை எதற்காகத் தொடங்கப்பட்டதோ, அதைச் சரியாகச் செய்த கூட்டம் அதுதான்.

மாணவர் கட்டுரைப் போட்டி திருப்தியாக இல்லை. பாதிக் கட்டுரைகளில் ஒரே பத்தி, ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தது, கைபேசியிலிருந்து இறக்கியது. அடுத்த முறை எழுத வேண்டாம், நேரில் வந்து ஐந்து நிமிடம் பேசட்டும். நூலகத்தில் வாழ்க்கை வரலாற்று அலமாரியின் கீழ்த்தட்டைக் கரையான் பிடித்தது, மருந்து அடித்தாயிற்று. இரவல் எடுத்த புத்தகங்களைத் திருப்பாதவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியும், இங்கே பெயர் படிக்கப்போவதில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொன்னாடையும் ஃப்ளெக்ஸும் நின்றதில் மிச்சமான பணம் மண்டப வாடகை உயர்வுக்கே போய்விட்டது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

வரும் ஆண்டுப் பட்டியலில் ஆண்களே நிறைந்திருக்கக் கூடாது என்று மகளிர் உறுப்பினர்கள் கேட்டது நியாயம். புனேயில் 1848இல் பெண்களுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கிய சாவித்திரிபாய் புலே, தலச்சேரியில் பிறந்து கோவையில் கரும்பு ஒட்டு ரகங்களில் உழைத்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் ஆகிய இருவரும் முதலில் வருகிறார்கள். நம் கரும்பு விவசாயிகள் அந்த இரண்டாவது கூட்டத்துக்கு அவசியம் வர வேண்டும். ஜனவரிக் கூட்டத்தை அணைக்கட்டுத் தொழிலாளர்களைப் பற்றி நடத்தலாம் என்று ஒரு முன்மொழிவு இருக்கிறது. முன்மொழிந்தவர் வேறு யாருமல்ல, துண்டை உதறி எழுந்த அதே பெரியவர். அவர் இன்னும் உறுப்பினர் ஆகவில்லை, சந்தாவைக் கட்டியதும் முன்மொழிவு முறைப்படி எடுத்துக்கொள்ளப்படும்.

இடம் தந்தவர்களுக்கும், கூலி வாங்காமல் மைக் வைத்துத் தந்த தம்பிக்கும், பெஞ்ச் கொடுத்த டீக்கடை அண்ணாச்சிக்கும் மன்றத்தின் நன்றி. இந்த அறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்