ஹ்லாபிசா கூடைகளை வாங்கிய உங்களுக்கு

அன்பு டர்பன் சாட்ஸ்வொர்த் உறவுகளே, வணக்கம்.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை நம் கோயில் வளாகத்தில் கூடை விற்ற ஆறு ஜூலுப் பெண்களும் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கொண்டுவந்ததில் ஒரு கூடைகூடத் திரும்பிப் போகவில்லை.

அவர்கள் ஊரான ஹ்லாபிசா டர்பனுக்கு வடக்கே மூன்று மணி நேரப் பயணத்துக்கு மேல். பெட்ரோல் காசுகூட வாங்காமல் வேனை ஓட்டிப்போய் அவர்களை அழைத்துவந்த தம்பிக்கு முதல் நன்றி. நாள் முழுக்க நின்று ஜூலுவிலும் தமிழிலும் மாற்றி மாற்றிப் பேசிய அக்காவுக்குத் தொண்டையே கட்டிவிட்டது.

உக்காம்பா என்பது பீர் வைக்கும் கூடை. கோயிலில் இதை வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கமிட்டிப் பெரியவர்தான், "அவர்கள் முன்னோருக்குப் படைப்பது அது. நம் பாட்டன்மார் பனைமரத்தடியில் வாழ்ந்தவர்கள்தானே" என்றார். இந்தக் கூடைகளுக்கு ஓலை தரும் இலாலா மரமும் பனையினம்தான்; வடக்கே அதிலும் கள் இறக்குகிறார்கள். அந்த ஒரு சொல்லுக்காக ஐயாவுக்கு என் வணக்கம்.

அவர்களில் மூத்த கோகோ (ஜூலுவில் பாட்டி) கூடைக்குள் தண்ணீர் ஊற்றிக் காட்டியதைப் பார்த்தீர்கள் அல்லவா? நனைந்ததும் ஓலை ஊதி இடுக்கையெல்லாம் அடைத்துக்கொள்கிறது. புல்லைச் சுருளாக வைத்து, அதன்மேல் ஓலையை ஊசியால் சுற்றிச் சுற்றித் தைக்கிறார்கள். வேர், பட்டை, இலை வேகவைத்த சாயம். பெரிய கூடை ஒன்றுக்கு வாரக்கணக்கில், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் கை ஓயாது. இத்தனைக்கும், முன்பு ஒரு கடை சரக்கை எடுத்துக்கொண்டு பல மாதம் பணம் தராமல் இழுத்தடித்ததாம். அதனால்தான் நீங்கள் யாரும் பேரம் பேசாமல் சொன்ன விலையை அப்படியே கொடுத்தது எனக்கு அவ்வளவு பெரிதாகப் பட்டது. பணத்தை எண்ணி முடித்த கோகோ மறுபடி முதலிலிருந்து எண்ணினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

முன்பணம் தந்த பதினோரு குடும்பங்களுக்குத் தனி நன்றி. இலாலா கடலோரத்தில் வளர்வது. அதனால் தைக்க உட்காருமுன் ஓலைக்கே காசு வேண்டும். அது இப்போது அவர்கள் கையில் இருக்கிறது. உங்கள் கூடைகள் தைப் பொங்கலுக்குள் வரும்.

பிரியாணியும் பருப்பும் ஆக்கிப் போட்ட மகளிர் அணிக்குக் கோகோ சொல்லச் சொன்னது: "சியாபோங்கா!" (நன்றி சொல்கிறோம்). வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்த தூக்குப்பாத்திரங்களும் அவர்களோடே போய்விட்டன. அவையும் கூடைகளோடு வந்து சேரும்.

அன்புடன்,
உங்கள் சகோதரி