கதவைப் பூட்டிக்கொண்டு இருக்காதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அப்பாவும் நானும் சேர்ந்து கேட்டோம். தாய்லாந்துப் புத்தாண்டான சொங்க்ரான் வருகிறது, ஆபீசில் பாதிப் பேர் சொந்த ஊருக்குக் கிளம்பியாச்சு, மீதிப் பேர் "வெளியே தலை காட்டினால் தொப்பலாக நனைத்துவிடுவார்கள், நூடுல்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு மூன்று நாளும் ரூமிலேயே கிட" என்கிறார்கள், சித்திரை ஒன்றுக்கு வீட்டுக்கும் வர வழியில்லை என்று ஒரே புலம்பல். புலம்பு, அதை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பாங்காக்கில் இருந்துகொண்டு சொங்க்ரானுக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு உட்காராதே. அது யாரோ வீட்டுப் பண்டிகை இல்லை. நம் புத்தாண்டேதான், கொஞ்சம் கூடுதலாக நனைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சூரியன் மேஷ ராசிக்குள் நுழைகிற நாள்தானே நமக்குச் சித்திரை 1. அதே நுழைவைக் கணக்கில் வைத்துத்தான் தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ், பர்மா, இலங்கை, இந்தப் பக்கம் கேரளத்து விஷு, பஞ்சாபின் வைசாகி எல்லாம் ஏப்ரல் நடுவில் வந்து நிற்கின்றன. இந்த ராசிக் கணக்கு உருவான காலத்தில் அந்த நுழைவு மார்ச் 21ஐ ஒட்டி, பகலும் இரவும் சமமாக வரும் நாளிலேயே இருந்ததாம். பூமியின் அச்சு சாய்ந்திருக்கிற திசை மெல்ல மெல்லத் திரும்புவதால் சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் விலகி விலகி இப்போது 24 நாள் தள்ளிவிட்டது. (இது அப்பா எழுதச் சொன்னது. பக்கத்தில் உட்கார்ந்து சரி பார்க்கிறார்.) இத்தனை தேசமும் தனித்தனியாக ராஜா, மதம், பாஷை என்று போன பிறகும் விலகலில்கூட ஒன்றாகவே விலகியிருக்கின்றன பார்.

தாய்லாந்தில் அரசாங்கம் 1889இல் வருஷப் பிறப்பை ஏப்ரல் 1 என்று வைத்தது, அப்புறம் 1941இலிருந்து ஜனவரி 1 என்றது. ஜனங்கள் சரி சரி என்று கேட்டுக்கொண்டு, ஏப்ரல் நடுவில் கோயிலுக்குப் போவதை மட்டும் விடவில்லை. நம் ஊரிலும் 2008இல் தை ஒன்றுக்கு மாற்றிச் சட்டம் போட்டார்கள், 2011இல் பழையபடி சித்திரைக்கே கொண்டுவந்தார்கள், நான் எல்லா வருஷமும் சித்திரை ஒன்றுக்கு வேப்பம்பூ போட்டு மாங்காய் பச்சடி செய்துகொண்டுதான் இருந்தேன்.

இந்தப் பண்டிகைக்கு அங்கே ஒரு கதை உண்டு, வாட் போ கோயிலில் கல்வெட்டாகவே இருக்கிறது, அடுத்த தடவை போனால் யாரையாவது காட்டச் சொல். தம்மபாலன் என்று பறவைகளின் பாஷை தெரிந்த ஒரு பையன். கபில பிரம்மா அவனிடம் வந்து விடுகதை போடுகிறார்: மனிதனின் லட்சுமிகரம் காலையில் எங்கே இருக்கிறது, மத்தியானம் எங்கே, ராத்திரி எங்கே? ஏழு நாள் தவணை. விடை சொன்னால் என் தலை உனக்கு, சொல்லாவிட்டால் உன் தலை எனக்கு. ஆறு நாள் போய்விடுகிறது. பையன் ஓடிப் போய் ஒரு பனைமரத்தடியில் படுத்துக்கிடக்கிறான். மேலே கழுகு ஒன்று ஜோடியிடம் கேட்கிறது, நாளைக்கு நமக்கு என்ன தீனி? விடை தெரியாமல் தலை போகப்போகிற அந்தப் பையன்தான் என்கிறது மற்றது, அதோடு நிற்காமல் விடையையும் சொல்லிவிடுகிறது. காலையில் முகத்தில், அதனால்தான் எழுந்ததும் முகம் கழுவுகிறார்கள். மத்தியானம் மார்பில், அதனால் வாசனைத் தண்ணீர் தெளித்துக்கொள்கிறார்கள். ராத்திரி பாதத்தில், அதனால் கால் கழுவிவிட்டுப் படுக்கிறார்கள். உன் பாட்டி கால் கழுவாமல் யாரையும் பாயில் ஏற விடமாட்டாளே, அவளைக் கேட்டிருந்தால் கழுகுக்கு வேலையே இருந்திருக்காது.

கபில பிரம்மா தோற்றுப்போனார். ஆனால் அவர் தலை பூமியில் விழுந்தால் உலகம் எரியும், ஆகாயத்தில் வீசினால் மழை பொய்க்கும், கடலில் போட்டால் கடல் வற்றும். அதனால் அவருடைய ஏழு பெண்களும் அதைத் தட்டில் ஏந்தி, வருஷத்துக்கு ஒருத்தி முறைபோட்டு மேரு மலையைச் சுற்றி வருகிறார்களாம். கதையைக் கவனித்தாயா, விடுகதையின் மூன்று விடையிலும் தண்ணீர், தலையை வைத்து வரும் மூன்று ஆபத்திலும் வறட்சி. ஏப்ரல் வெயிலில் கிடந்து தவித்தவர்கள் கட்டிய கதை என்று பார்த்தவுடனே தெரிகிறது.

எந்தக் கிழமையில் வருஷம் பிறக்கிறதோ அந்தக் கிழமைக்குரிய பெண்ணுக்கு அந்த வருஷம். இந்த 2026இல் செவ்வாய்க்கிழமை. அதனால் பன்றி வாகனக்காரி, வலது கையில் சூலம், இடது கையில் வில், காதோரம் தாமரை, ஆகாரம் ரத்தம். பயப்படாதே, நம் வாராகிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள். அவள் எதில் ஏறி வருகிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்பதை வைத்து மழை எப்படி, விளைச்சல் எப்படி என்று பெரியவர்கள் பலன் சொல்வார்கள். நம் பஞ்சாங்கத்திலும் மகர சங்கராந்திக்கு வாகனம், வஸ்திரம் எல்லாம் போட்டுப் பலன் எழுதியிருக்குமே, அதேதான். அதையும் விடு, அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன கலர் பட்டு கட்டியிருக்கிறார் என்று மதுரையே எக்கிப் பார்க்குமே. பச்சைப் பட்டு என்றதும் "இந்த வருஷம் வெள்ளாமைக்குக் குறைவில்லை" என்று எத்தனை தடவை கேட்டிருப்பாய்.

தண்ணீர் அடிப்பதும் உனக்குப் புதுசா என்ன. கறுப்பசாமி வேஷம் கட்டி, ஆட்டுத்தோல் பையில் தண்ணீரை நிரப்பி, மலையிலிருந்து வெயிலில் வந்த சாமி சூடு தணியட்டும் என்று பீய்ச்சுகிறவர்களை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவள்தானே நீ. இப்போது அதிலும் பிரஷர் பம்பு வைத்து அடிக்கிற கூத்து வந்து, கூடாதென்று கோர்ட்டே சொல்ல வேண்டியதாயிற்று. அங்கேயும் வேகமாக அடிக்கிற துப்பாக்கிக்குத் தடை, மாவு பூசத் தடை என்று போலீஸ் ஆண்டுதோறும் சொல்கிறது. எந்த ஊரிலும் பையன்கள் பையன்கள்தான்.

நான் உனக்குச் சொல்ல வருவது ஒன்றுதான். வெளியே போ, ஆனால் காலையிலேயே போ. சீலோம், காவோ சான் தெருக்களில் மத்தியானத்துக்கு மேல் நடப்பது பண்டிகையின் வால். தலை காலையில் இருக்கிறது. யுனெஸ்கோ 2023 டிசம்பரில் சொங்க்ரானைத் தன் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்ததும் பிளாஸ்டிக் துப்பாக்கிக்காக இல்லை. காலையில் கோயிலுக்குப் போனால் புத்தர் சிலைக்கு மல்லிகை, ரோஜா இதழ் மிதக்கிற தண்ணீரை ஊற்றுவார்கள், நீயும் ஒரு கிண்ணம் ஊற்று. வளாகத்தில் மணலைக் குவித்துச் சின்னச் சின்ன ஸ்தூபிகள் கட்டிக் காகிதக் கொடி குத்தியிருப்பார்கள். வருஷம் முழுக்கக் கோயிலுக்கு வந்துபோனவர்களின் காலில் ஒட்டிக்கொண்டு போன மண்ணைத் திருப்பிக் கொண்டுவந்து போடுகிற கணக்கு அது. எனக்கு அந்தப் பண்டிகையிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான், நம் ஊரில் யாருக்கும் இது தோன்றாமல் போயிற்றே என்றிருந்தது.

அப்புறம் உன் பில்டிங்குக்குக் கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற பாட்டி, உனக்காகக் காரம் குறைத்துச் செய்து தருகிறாரே, அவரிடம் போ. ஒரு மல்லிகைச் சரம் வாங்கிக்கொள். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நீ தரையில் முட்டி போட்டு உட்கார். அவர் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டுவார், அதில் வாசனைத் தண்ணீரை மெல்ல ஊற்று. தலையில் ஊற்றிவிடாதே. அவர் ஏதோ சொல்லி வாழ்த்துவார், உனக்குப் புரியாது, புரிய வேண்டாம். நாங்கள் பக்கத்தில் இருந்தால் எங்கள் காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொள்வாய் இல்லையா, அதை இந்த வருஷம் அங்கே முடித்துக்கொள்.

அவர் கடையில் அன்றைக்குக் காவ் சே இருக்கிறதா என்று கேள். மல்லிகை வாசம் ஏற்றிய குளிர்ந்த தண்ணீரில் சோற்றைப் போட்டுத் தொட்டுக்கொள்ள நாலைந்து பதார்த்தத்தோடு தருவார்கள். மோன் என்கிற இனத்து ஜனங்களின் சாப்பாடு, பிறகு அரண்மனைக்குப் போய்ப் பகட்டாகிவிட்டது. என்னைக் கேட்டால் சென்ட் போட்ட நீராகாரம்.

மத்தியானம் உனக்கு ஆசையிருந்தால் கொஞ்ச நேரம் நனைந்துவிட்டு வா. போனைப் பிளாஸ்டிக் கவரில் போடு, பாஸ்போர்ட்டை வீட்டிலேயே வை. ஆனால் மோட்டார் பைக் டாக்ஸியில் மட்டும் ஏறாதே. அந்த ஒரு வாரத்தை அரசாங்கமே "ஏழு அபாய நாட்கள்" என்று சொல்லி தினமும் விபத்துக் கணக்கு வாசிக்கிறது. வேகமும் குடியும்தான், அதிலும் பெரும்பாலும் பைக். ரயிலில் போ, நடந்து போ.

வீட்டுக்கு வரும் விஷயம். புத்தாண்டு சூரியக் கணக்கு, அதனால் அசையாது. அழகர் இறங்குவது பௌர்ணமிக்கு, அது 2022இல் ஏப்ரல் 16, 2025இல் மே 12 என்று அலையும். இந்த வருஷம் பௌர்ணமி மே 1, உங்களுக்கும் அன்றைக்கு மே தின லீவு. ஆக ஏப்ரல் 13லிருந்து 15 வரை அங்கே இரு, மிச்சம் பிடித்த லீவை இதற்குப் போடு. 29ஆம் தேதியே வந்து சேர். 30ஆம் தேதி அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை, அன்றைக்குத் தல்லாகுளம் பக்கம் ஆட்டோகூட வராது, அப்பா உன் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.

வரும்போது அந்த வெள்ளை மாவு, தின் சோ போங், இரண்டு பொட்டலம் வாங்கி வா. வேர்க்குருவுக்குக் குளிர்ச்சியாக இருக்குமாமே. அப்பா முதுகு முழுக்க இப்போதே சிவந்து கிடக்கிறது.

அம்மா